இடது கையில் பிடித்த தராசு

பாளையம்பட்டி,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் சுவாதிக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம், அவள் முழங்கால் வலி ஒன்றைத் தவிர. அங்கே நீயும் மாப்பிள்ளையும் பேரனும் சுகமாக இருக்க மாரியம்மன் துணையிருப்பாள். மழை இந்த வருடமும் நரிக்குடிப் பக்கம் பெய்துவிட்டு நம்மை ஏமாற்றிவிட்டது. புல் இல்லாததால் கடையில் தீவனம் மட்டும் நன்றாக ஓடுகிறது. இந்தக் காலத்தில் அப்பா காகிதத்தில் எழுதிப் படம் எடுத்து அனுப்புகிறாரே என்று நினைப்பாய். போனில் சொன்னால் பாதியிலேயே வைத்துவிடுவேன், அதனால்தான்.

நேற்று நீ அம்மாவிடம், மார்பில் சின்னதாக ஒரு கட்டி தட்டுப்படுகிறது, புது வீட்டுக்குக் குடிபோன பிறகு ஸ்கேன் எடுத்துக்கொள்கிறேன் என்றாயாம். குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா என்று டாக்டர் கேட்டதற்கு இல்லை என்றாயாம். உன் மேல் குற்றமில்லை, உனக்கு அப்படித்தான் சொல்லி வைத்திருந்தோம். இருந்தது, சுவாதி.

என் அம்மா சோலையம்மாள் விஷக்காய்ச்சலில் சாகவில்லை. என் அப்பா போன பிறகு இந்தத் தீவனக் கடையை அவள்தான் தனியாக நடத்தினாள். பருத்திக்கொட்டை மூட்டைக்கு ஆள் கூப்பிட மாட்டாள், தானே இழுத்துப் போடுவாள். எனக்கு அப்போது இருபது வயது, மில்லில் வேலை. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்து பார்த்தால் திருச்சுழிக்காரர் ஒருவர் வாசலில் நின்று, பீச்சாங்கையில நிறுத்துக் குடுத்தா வீட்டுல மாடு தங்குமா என்று சத்தம் போடுகிறார். அம்மா இடது கையில்தான் தராசைப் பிடித்திருந்தாள். வியாபாரம் செய்கிற வீட்டில் யாராவது இடது கையால் கொடுப்பார்களா என்று எல்லார் முன்னாலும் நானும் அவளைத் திட்டினேன். அவள் தராசைக் கை மாற்றவில்லை. வலது கையைத் தூக்க முடியாமல்தான் அப்படி நிறுத்தாள் என்பது எனக்கு இரண்டு மாதம் கழித்து, கட்டி புண்ணாகி வாடை வந்த பிறகுதான் தெரிந்தது. மதுரைக்குப் போவோம் என்றேன். தங்கமாரிக்கு ஒரு எடம் அமையட்டும்லே, தாய்க்கு இப்படின்னு தெரிஞ்சா மகள எவன் கட்டுவான் என்றாள். தையில் தங்கச்சி கல்யாணம் நடந்தது. பங்குனியில் அம்மா போய்விட்டாள், நாற்பத்தோரு வயது. ஊருக்குக் காய்ச்சல் என்று சொன்னது நான்தான்.

பன்னிரண்டு வருடத்துக்கு முன் உன் தங்கமாரி அத்தை இறந்ததும் மஞ்சள்காமாலையில் இல்லை. அதே கட்டிதான். அப்போது நீ சென்னையில் வேலையில் இருந்தாய், உனக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தோம். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் என்பார்கள், நாங்கள் ஒரே பொய்யில் இரண்டு கல்யாணத்தை முடித்தோம். படுக்கையில் கிடந்தபோது அவள், சுவாதி கழுத்துல தாலி ஏறுனதும் அவகிட்டச் சொல்லிருண்ணே என்றாள். சரி என்று தலையாட்டினேன். உனக்குக் கல்யாணம் ஆயிற்று, பிள்ளையும் பிறந்தான், நான் இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளிவிட்டேன். தப்பு முழுக்க என்னுடையது, மகளே.

நாளைக் காலையிலேயே டாக்டருக்குப் போன் போடு. அப்பாவின் அம்மா, அப்பாவின் தங்கை, இரண்டு பேருக்கும் இருந்தது என்று சொல். மாப்பிள்ளையிடம் இந்தக் கடிதத்தையே காட்டு, அவர் என்ன நினைத்தாலும் என்னை நினைக்கட்டும். பால் காய்ச்சுவதை எப்போது வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். எல்லாக் கட்டியும் அதுவாக இருக்காது என்று இங்கே அருப்புக்கோட்டை டாக்டர் சொல்கிறார். இருந்தாலும் எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. நீ நரை கண்டு, பேரன் பேத்தி எடுத்து வாழ வேண்டும்.

உன் அப்பா,
உதயகுமார்

மறந்துவிடாதே: இதைப் படித்ததும் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிப் பார். வலது கை முழுசாகத் தூக்க வருகிறதா என்று மட்டும் உடனே எனக்குச் சொல்.