செம்பு மருந்தும் அப்பாவின் காலும்

மடுல்சீமை

அன்பு மகள் தயானிக்கு அம்மா எழுதுவது. இங்கிலாந்துக் குளிரில் உன் உடம்புக்கு ஒன்றும் வந்துவிடக் கூடாதென்று மாரியம்மாளைக் கும்பிட்டுக்கொண்டு எழுதுகிறேன். இங்கே எல்லாரும் சுகம் என்று எழுத இந்தத் தடவை மனசு வரவில்லை. போனில் பேசினால் அழுது கெடுத்துவிடுவேன், அதனால்தான் தாளில் எழுதி, அதைப் படம் பிடித்து உனக்கு அனுப்பும்படி தம்பி சதீஸ்குமாரிடம் சொல்கிறேன்.

அப்பா வழுக்கி விழுந்து காலில் அடி என்று தம்பி சொன்னது பொய், அப்பாதான் அப்படிச் சொல்லச் சொன்னார். அவருக்கு ரத்தத்தில் சீனி கூடுகிற வருத்தம் இருப்பதும் கால்விரலில் சப்பாத்து கடித்த புண் ஆறாமல் கிடந்ததும் உனக்குத் தெரியும். சித்திரைக்கு நீ ஒரு நீல மருந்துப் போத்தல் அனுப்பினாயே, என் முகச் சுருக்கத்துக்கென்று, காற்றிலும் வெயிலிலும் கொழுந்து பறித்துக் காய்ந்த முகத்துக்கு இனி என்னடி என்று நான் அதை அலுமாரியில் வைத்துவிட்டேன். போனில் விளக்கமும் சொன்னாய், செம்போடு புரதத்தின் சின்னத் துண்டு சேர்ந்தது, நம் ரத்தத்திலேயே இருக்கிறது, வயசாக ஆகக் குறைந்துபோகும், உங்கள் ஆய்வுகூடத்தில் தட்டில் வளர்த்த தோலில் விட்டால் காயம் சீக்கிரம் மூடுகிறது, மனுசருக்கு எவ்வளவு கேட்கும் என்று இன்னும் பார்க்க வேண்டும் என்று. அப்பா பக்கத்தில் இருந்து கேட்டார், கடைசியில் சொன்னதை மட்டும் காதில் வாங்கவில்லை. போத்தலை எடுத்துப் புண்ணில் தடவினார், ஓரம் கொஞ்சம் காய்ந்த மாதிரியும் இருந்தது, சுண்டுவிரல் அளவுப் போத்தல், முடிந்துவிட்டது. பிறகு செய்தாரே ஒரு வேலை! மழைக்காலத்தில் தேயிலைக்குக் கொப்புள நோய் வந்தால் அடிக்கிற செம்புத் தூள், இத்தனை காலம் முதுகில் மருந்து டாங்கியைச் சுமந்து அவர் அடித்தது, அதை லயத்து வீட்டுக்குக் கொண்டுவந்து தண்ணீரில் குழைத்துப் புண்ணில் அப்பிக் கட்டியிருக்கிறார். கேட்டால், இலையில கொப்புளம் வந்தா செம்பு அடிச்சாத்தானே நிக்குது, நம்ம புள்ள சொன்னதும் செம்புதானே என்கிறார். பாவி மனுசன், எனக்குத் தெரிந்திருந்தால் கையைத் தட்டிவிட்டிருப்பேன். துணியை அவிழ்த்தபோது இரண்டு கால்விரல் கறுத்திருந்தது.

இப்போது பதுளை ஆஸ்பத்திரியில் இருக்கிறார். டொக்டர் அம்மா நல்ல மாதிரி, நிதானமாகச் சொன்னார், தூள் புண்ணைத் தீய்த்துவிட்டது, சீனியால் ரத்த ஓட்டமும் முன்பே குறைந்திருந்தது, அந்த விரல்களை இப்போதே எடுத்தால் பாதம் மிஞ்சும், பிந்தினால் முழங்கால் வரைக்கும் போகும் என்று. அப்பா கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறார். எங்க தயானி அசல் மருந்தை அனுப்புவா, அதுவரைக்கும் எங் காலை யாரும் தொடாதீங்க என்று வார்ட் முழுக்கச் சொல்லிவைத்திருக்கிறார். பக்கத்துக் கட்டிலில் வெலிமடைக் காய்கறி வியாபாரி அலவி நானா, அவரும் எடுத்துச் சொல்லிப் பார்த்தார், அவரிடமும் உன் படிப்பைப் பற்றித்தான் பேச்சு. பெருமை தாங்க முடியவில்லை மனுசனுக்கு.

உன்மேல் எனக்குக் கோபம் இல்லை, நீ எதையும் கூட்டிச் சொல்லவில்லை. கறுத்த விரலுக்கு அது மருந்து இல்லையென்று டொக்டர் சொன்னதை நானும் சொன்னேன், தம்பியும் சொன்னான், ஏறவில்லை. நீ சொன்னால்தான் ஏறும். மனசு கேட்காமல், பார்க்கலாம் அப்பா, கேட்டுச் சொல்றேன் அப்பா என்று இழுத்துவிடாதே, அதையே பிடித்துக்கொண்டு நாளைக் கடத்திவிடுவார். இத்தனை வருசம் படித்த படிப்பை அவர் முன்னால் ஆகாது என்று சொல்வது உனக்கு எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்துதான் கேட்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு, வேலையென்று பட்டினி கிடக்காதே. மாரியம்மாள் உனக்கு எப்போதும் துணையிருப்பாள். நாளைக்கு மத்தியானம் நோயாளியைப் பார்க்க விடுகிற நேரத்தில் தம்பி போனை அப்பா கையில் கொடுப்பான், மறந்துவிடாதே. என் மருந்தால ஆகாதுப்பா, கையெழுத்துப் போடுங்க என்று உன் வாயால் சொல்லு. சொல்லி முடிக்கும்வரை அழாதே மகளே.

இப்படிக்கு,
உன் அம்மா
நல்லம்மா