ஆம்னாவும் என் பக்கத்தில் உட்காருவாள்

காப்பெல், டெக்சாஸ்
வியாழக்கிழமை

அன்புள்ள மாமாவுக்கு,

கோமதி எழுதுகிறேன். நானும் ரோஷினியும் சௌக்கியம். நீங்களும் அப்படித்தான் இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். சூடானில் நீங்கள் இருக்கும் தார்ஃபூர் பக்கம் போன் கோபுரங்கள் விழுந்ததிலிருந்து உங்கள் குரலே இல்லை. எல்லை தாண்டி உங்கள் ஊருக்கு மருந்து லாரி ஒன்று போகிறதாம். மெயில் அனுப்பினால் அச்செடுத்து அதில் கொடுத்துவிடுவதாக உங்கள் தொண்டு நிறுவனத்தின் சாட் நாட்டு அலுவலகத்தில் சொன்னார்கள். கல்யாணமான புதிதில்கூட நான் உங்களுக்குக் கடிதம் எழுதியதில்லை. கோர்வையாக வராவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ரோஷினி கார் ஓட்டப் பழகுகிறாள். ஃப்ரீவேயில் நான் கத்தினால் "அம்மா, ரிலாக்ஸ்" என்கிறாள். ஆலங்கட்டி மழையில் கராஜ் பக்கத்துக் கூரை போய்விட்டது. இன்சூரன்ஸ்காரர் வந்து பார்த்தாயிற்று. அதைப் பற்றிக் கவலை வேண்டாம்.

நீங்கள் பம்பு போடப் போன தண்ணீர் நிலையத்தின் மேல் ட்ரோன் குண்டு போட்டுப் பல பேர் செத்தது இங்கே எந்த டிவியிலும் வரவில்லை. பின்தெரு ஆம்னாதான் ஓடிவந்து தன் போனில் காட்டினாள். நம் மருந்துக்கடையில் ஃபார்மசிஸ்டாக இருப்பாளே, அந்த சூடான் பெண். அவளுடைய அக்கா உங்கள் ஊரில்தான் டீச்சர். குண்டு விழும்போது நீங்கள் அங்கே இல்லை என்பதை உங்கள் அலுவலகம் சொல்லும்வரை என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் அக்காவைப் பற்றிச் சொல்லத்தான் யாருமில்லை.

சில நாள் கழித்து டல்லாஸிலிருந்து ஒரு டிவி நிருபர், மேகன் என்று பெயர், கூப்பிட்டாள். டெக்சாஸ்காரர் ஒருவர் அங்கே மாட்டிக்கொண்டிருக்கிறார் என்று கேள்விப்பட்டாளாம். அத்தனை பேர் செத்தது செய்தியாகவில்லை, நீங்கள் இருப்பது செய்தியாகிவிட்டது. எரிச்சலாக இருந்தது. ஆனாலும் கேட்க வந்தவர்களிடம் பேசாமல் விடுவதா? வருகிறேன், ஆனால் ஆம்னாவும் என் பக்கத்தில் உட்காருவாள், அதுவும் நேரலையாக இருக்க வேண்டும் என்றேன். ஒத்துக்கொண்டார்கள்.

காலங்காலமாக நடக்கும் பழங்குடிச் சண்டையில் உங்கள் கணவர் எப்படிச் சிக்கினார் என்று ஆரம்பித்தார் ஸ்டுடியோவில் இருந்த நெறியாளர். அவர் சிக்கவில்லை, தண்ணீர் கொடுக்கப் போயிருக்கிறார் என்றேன். பதவிக்காக இரண்டு தளபதிகள் மோதுவதற்குப் பெயர் பழங்குடிச் சண்டையா என்று கேட்டேன். அந்த ட்ரோனை அந்த ஊரில் யாரும் செய்யவில்லை, வெளிநாடுகள்தான் இரண்டு பக்கத்துக்கும் ஆயுதம் கொடுக்கின்றன, அங்கிருந்து தங்கம் வெளியே போகிறது, யார் கொடுத்தார்கள், யார் எடுத்தார்கள் என்று ஒரு நிருபரை அனுப்பிக் கேளுங்கள் என்றேன். ஆம்னா தன் அக்கா பெயரைச் சொன்னாள். சஃபியா, கணக்கு டீச்சர், தலைவலி வந்தால் சத்தமாகப் பாடுவாள் என்றாள். அடுத்து வானிலை அறிக்கை வந்துவிட்டது.

திரும்பும்போது காரில் ரோஷினி, "அம்மா, யூ வேர் சேவேஜ்" என்றாள். திட்டுகிறாயா என்று கேட்டேன். பாராட்டாம்.

மறுநாள் அவர்கள் வெப்சைட்டைப் பார்த்தால் ஆம்னாவையே காணோம். விளக்கு வெளிச்சம் கூசி நான் கண்ணைத் துடைத்த ஒரு துண்டுதான் இருந்தது. மேலே 'பழங்குடிப் போர்: காப்பெல் மனைவியின் கண்ணீர்' என்று தலைப்பு. எங்களுக்கு இது பழகிவிட்டது, விடு என்றாள் ஆம்னா. நான் விடவில்லை. அவளையும் ஏற்றிக்கொண்டு நேரே அந்த அலுவலகத்துக்குப் போனேன். செய்தி ஆசிரியர் இறங்கிவந்தார். அவ்வளவு தூரத்துச் சண்டை இங்கே இருப்பவர்களுக்குப் புரியாது என்றார். நீங்கள் சொல்லாமல் எப்படிப் புரியும் என்றேன். முழுப் பேட்டியையும் போடாவிட்டால், எந்த சேனல் கூப்பிட்டாலும் போய் நீங்கள் வெட்டியதைத்தான் முதலில் சொல்வேன் என்றேன். சாயங்காலமே முழுதும் வந்துவிட்டது, தலைப்பையும் மாற்றியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மேகன் தானாகவே கேமராவோடு ஆம்னா வீட்டுக்கு வந்து அங்கே கூடியிருந்த டல்லாஸ் சூடான் குடும்பத்தார் எல்லோரிடமும் பேசினாள். அவள் கேட்ட கேள்விகளைப் பார்த்தால் நிறையப் படித்துவிட்டு வந்திருந்தாள் என்று தெரிந்தது. அதுவும் ஒளிபரப்பானது. இதனால் ஒரு துப்பாக்கியும் நிற்காது, தெரியும். ஆனால் இனி இங்கே யாரும் 'எங்களுக்குத் தெரியாது' என்று சொல்ல முடியாது.

அதைப் பார்த்துவிட்டு நம் தொகுதி காங்கிரஸ் உறுப்பினர் அலுவலகத்திலிருந்து கூப்பிட்டு உங்கள் பாஸ்போர்ட் விவரம் கேட்டார்கள். உங்களோடு வேலை செய்யும் இத்ரிஸ், ஹலீமா பெயர்களையும் சொன்னேன். அமெரிக்கக் குடிமக்களுக்கு மட்டும்தான் உதவ முடியும் என்றார்கள். அவர்களை விட்டுவிட்டு நீங்கள் வரமாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். அதனால் உங்கள் தலைமை அலுவலகத்தைப் பிடித்தேன். பேசிப் பேசி, மருந்தை இறக்கிவிட்டுத் திரும்பும் இதே லாரியில் மூன்று பேருக்கும் இடம் வாங்கியிருக்கிறேன்.

கிளம்புவதற்குள் சஃபியா டீச்சரைப் பற்றி யாரிடமாவது விசாரியுங்கள். என்ன தெரிந்தாலும் ஆம்னாவிடம் நானே சொல்லிக்கொள்கிறேன்.

பம்பு இன்னும் ஓடவில்லை, முடித்துவிட்டு அடுத்த லாரியில் வருகிறேன் என்று சொல்லத் தோன்றும். பத்தொன்பது வருடமாகப் பார்க்கிறேனே, ஒரு வேலையையும் நீங்கள் பாதியில் விட்டதில்லை. இந்த ஒன்றை மட்டும் விட்டுவிட்டு வாருங்கள், மாமா. அடுத்த லாரி எப்போது என்று எல்லோரிடமும் கேட்டுவிட்டேன். ஒருவரும் பதில் சொல்லவில்லை.

வழி முழுதும் முருகன் உங்கள் மூன்று பேருக்கும் துணை இருக்கட்டும்.

உங்கள்
கோமதி