காசிம் நானா வாக்களித்த தேன்

அன்பு மாறாத காசிம் நானா,

நேற்று தேன் எடுத்தேன். உங்கள் கொல்லையில் நாம் இருவரும் ஆசையாக வைத்த தேனீப் பெட்டியின் முதல் தேன். சித்திரையில் நீங்கள் மௌத்தாகி அடக்கமானீர்கள், இது ஆனி. சந்தோஷமாக எழுதவேண்டிய செய்தி. எழுதுகிறேன், அவ்வளவுதான்.

தேங்காய் நார்ப் புகை காட்டி மூடியைத் திறந்தேன். இரண்டு ஈக்கள் புறங்கையில் கொட்டின. கை வீங்கியதைப் பார்த்தேன். வலித்ததா என்று சொல்லத் தெரியவில்லை. மேல்தட்டு அடைகளை வெட்டிப் பிழிந்ததில் அரைச் சொம்பு தேறியது.

அதற்குள் வேலியோரம் தெருவே பாத்திரத்தோடு நின்றது. மீன்கார அஞ்சலை தூக்குவாளியே கொண்டுவந்திருந்தாள்.

"மொதத் தேனு ஒனக்குத்தான்னு காசிம் மொதலாளி எங்கிட்ட சொன்னாங்க வாத்தியாரே."

தபால்காரரும் அதையே சொன்னார். தையற்காரரும் அதையே. ஒரே முதல் தேனை எத்தனை பேருக்கு வாக்குக் கொடுத்தீர்கள், நானா?

கீழ்த்தட்டிலும் தேன் இருந்தது. ராணியும் குஞ்சுகளும் அங்கேதான். மேல்தட்டு விற்கிற நெல், கீழ்த்தட்டு விதைநெல் என்று உங்களுக்கு விளக்கியிருக்கிறேன். பள்ளிக்கூடத்தை விட்டு வந்தும் உதாரணம் சொல்கிற பழக்கம் போகவில்லை. அதையும் வெட்டினால் உங்கள் வாக்கு நிறைவேறும். ஆனால் ஐப்பசி மழையில் ஈக்கள் பட்டினி கிடந்து சாகும். கத்தியோடு நின்றேன். எதைச் செய்தாலும் ஒன்றுதான் என்று பட்டது. வெட்டியிருப்பேன்.

உங்களுக்காக நாலு மாதம் பத்து நாள் இத்தாவில் இருக்கும் அண்ணி வெளியே வரவில்லை. கொல்லைக் கதவுத் திரைக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் வந்தது.

"கீழ்த்தட்டத் தொடாதீங்க தம்பி. தேன் தர்றேன்னுதான் அவங்க சொன்னாங்க. எவ்வளவுன்னு சொல்லலையே."

யாரோ சிரித்தார்கள். அஞ்சலை வாளியைக் கீழே வைத்துவிட்டு உள்ளங்கையை நீட்டினாள். பிறகு எல்லோரும் நீட்டினார்கள். ஆளுக்குச் சில சொட்டு. நக்கிக்கொண்டே உங்களைப் பற்றி ஏதேதோ பேசிப் போனார்கள். மிச்சத்தை அண்ணிக்காகத் திரையோரம் வைத்தேன். நானும் விரலை நக்கினேன். இனிப்பு என்று தெரிந்தது. அதற்குமேல் ஒன்றும் வரவில்லை. அழுகைகூட. அதெல்லாம் எப்போது வரும்?

கீழ்த்தட்டைத் தொடாமல் பெட்டியை மூடிவிட்டேன். மழைக்கு முன் மேலே கீற்று வேய்ந்துவிடுவேன். தினமும் போய்ப் பார்ப்பேன். இத்தா முடிந்து அண்ணி கொல்லைக்கு வரும் நாளில் பெட்டிக்குள் ஈக்கள் இரைந்துகொண்டிருக்கும். அதற்கு நான் பொறுப்பு.

உங்களோடு பிறக்காத தம்பி,
வாத்தியார்