பாதிக் கஞ்சி

என்னங்க,

நீங்கள் அசந்து தூங்குவதால் எழுப்பவில்லை. கஞ்சி அடுப்பின்மேல் இருக்கிறது. மகன் எழுந்ததும் ஊட்டிவிடுங்கள். பாதியிலேயே "போதும்ப்பா" என்பான். விடாதீர்கள்.

"மாதவிலக்கு நின்ன வயசுல பயில்வான் ஆகப்போறியா?" என்று நேற்று சிரித்தீர்களே, சுருக்கென்றது. இந்த வயதில் எலும்பு தேயும், சதை கரையும், எடை தூக்கிப் பழகுங்கள் என்று டாக்டர்தான் சொன்னார். அதற்குத்தான் பயிற்சிக்கூடம் போகிறேன்.

போன வாரம் அவனைக் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்குத் தூக்கும்போது என் பிடி நழுவிவிட்டது. இரண்டு பேரும் தரையில் விழுந்தோம். அடி ஒன்றும் இல்லை. நீங்கள் பயப்படுவீர்கள் என்றுதான் உங்களிடம் சொல்லவில்லை.

சாவி என்னிடம் இருக்கிறது. உள்தாழ்ப்பாள் போடாதீர்கள்.

பி.கு.: விழுந்து கிடந்தபடியே கேட்டான், "நான் சாப்பாட்டைக் குறைச்சுக்கட்டுமாம்மா? உனக்குத் தூக்கச் சுலபமா இருக்கும்." அன்றைக்கு ஆரம்பித்ததுதான் இந்தப் "போதும்."