முதல்ல ஈறு ஆறணும்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சுகமா இருக்கேன். உங்க முட்டிவலி எப்படி? போன்ல பேசினா உங்களுக்குப் பாதி காதுல விழறதில்ல, அதான் எழுதுறேன்.

தங்கச்சி கல்யாணத்துக்கு இன்னும் ரெண்டு மாசம் இருக்கே, அதுக்குள்ள உடைஞ்ச முன்பல்லுக்கு கேப் போட்டுக்கலாம்னு பல் டாக்டரம்மாகிட்ட போனேன். அவங்க ஈறைத் தொட்டதுமே ரத்தம் வந்துடுச்சு.

"ஈறு வீங்கியிருக்கும்மா. இதுமேல கேப் போட்டா வெளியே அழகா தெரியும், உள்ளே கெட்டுப்போகும். முதல்ல ஈறு ஆறணும், மூணு மாசமாவது ஆகும்"னாங்க. "பல் தேய்க்கும்போதே ரத்தம் வந்திருக்குமே, யார்கிட்டயும் சொல்லலையா?"

"ஹோட்டல் சலவை அறையில வேலை. வாஷிங் மெஷின்கிட்டதான் சொல்லணும்"னேன். சிரிச்சுட்டாங்க.

அன்னைக்கே ஈறைச் சுத்தம் பண்ணாங்க. நர்ஸ் என் தோளைப் பிடிச்சுக்கிட்டாங்க. எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. வலிக்குதோன்னு டாக்டரம்மா நிறுத்திட்டாங்க. "வலிக்கல, கையை மட்டும் எடுக்காதீங்க"ன்னு நர்ஸ்கிட்ட சொன்னேன்.

அதனால கல்யாணத்துக்கு உடைஞ்ச பல்லோடதான் வருவேன். போட்டோ எடுக்கும்போது வாயை மூடுன்னு அம்மா அதட்டாம நீங்கதான் பாத்துக்கணும்.

பக்கத்து வீட்டு அக்கா அடுத்த வாரம் இங்கே வராங்களாம். அவங்ககிட்ட அம்மாவோட தலகாணி உறை ஒண்ணு கொடுத்து விடுங்க. துவைக்க வேண்டாம்ப்பா, அம்மா வாசனையோட அப்படியே கொடுங்க.

வேலைக்குக் கூப்பிடறாங்க, ஓடணும்.

உங்க பெரிய மகள்