முதல்ல என்று சொல்லிவிட்டு நீ நிறுத்திய இடம்

மதியம் கரண்ட் போனதும் யுபிஎஸ் கத்த ஆரம்பித்தது. அந்தச் சத்தம் கேட்டால் இன்னமும் என் கழுத்து தானாக உன் நாற்காலிப் பக்கம் திரும்புகிறது. அங்கே வேறு யாரோ உட்கார்ந்து மெயில் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கரண்ட் போனால் முதலில் திட்டுவது நீ, அப்புறம் நான். இப்போது நான் மட்டும் திட்டுகிறேன். நன்றாகவே இல்லை.

செங்கம் ரோட்டில் நாம் சேர்ந்து போட்ட பிரௌசிங் சென்டர். ஆசிரமத்துக்கு வருகிற வெள்ளைக்காரர்கள் வந்து போகும் இடைவெளியில்தான் புரோகிராம் எழுதப் பழகினோம். அதற்கு நமக்குக் கிடைத்தது காசு கேட்காத ஒரு மென்பொருள். எங்கெங்கோ இருப்பவர்கள் சம்பளமில்லாமல் கூடிச் செய்வது. இன்னும் என்னென்ன செய்யலாம் என்று யாரும் யோசனை எழுத அதன் தளத்தில் ஒரு பக்கம் இருந்தது. பிடித்தவர் தன் பெயரைப் போட்டு எடுத்துக்கொள்ளலாம். பெயர் இருக்கும்வரை அந்த வேலையில் மற்றவர் கை வைக்க மாட்டார்கள்.

"கரண்ட் போனா எழுதினதெல்லாம் பூடுது. தானா சேவ் ஆவணும்னு எழுதிப் போடட்டா?" என்றாய்.

"சிரிப்பாங்கடி. அவங்க ஊர்ல கரண்டே போவாது."

"சிரிக்கட்டுமே. நம்ம ஊர்ல போவுதில்ல?"

ஒருத்தரும் சிரிக்கவில்லை. பிரேசிலில் யாரோ, எங்கள் ஊரிலும் இதே கதைதான் என்று எழுதி அதை எடுத்துச் செய்து முடித்தார். அன்றைக்குக் கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் நீ டீ வாங்கிக் கொடுத்தாய். அடேயப்பா, என்ன அலட்டல்!

அதற்கப்புறம் உன்னைப் பிடிக்க முடியவில்லை. பௌர்ணமிக்கு மலை சுற்றும்போதுகூட வாய் ஓயாது. அப்படி ஒரு நாள் வந்ததுதான் அந்த யோசனை. புரோகிராமில் தப்பு வந்தால் அது இங்கிலீஷில் கத்துகிறது, தமிழில் சொன்னால் என்ன? அதற்கு உன் பெயரையே போட்டுக்கொண்டாய். 'இந்தப் பேர்ல ஃபைலே இல்லியே, இன்னொரு வாட்டி பாரு' என்று நீ எழுதியதைப் படித்துவிட்டு நான் சண்டைக்கு வந்தேன்.

"இன்னாடி இது, மரியாதையா எழுதக் கூடாது?"

"மரியாதையா சொன்னா பயந்துடுவாங்க. பக்கத்துல உக்காந்துனு சொல்ற மாதிரி இருக்கணும்."

பாதிக்கு மேல் எழுதிவிட்டாய், எழுதியவரை நம் கடைக் கம்ப்யூட்டர்களிலும் போட்டு வைத்தாய். அப்புறம் காய்ச்சல் என்று படுத்தாய். வேலூருக்குக் கொண்டு போனார்கள். வேங்கிக்கால் வீட்டுக்கு உன்னை ஆம்புலன்சில் கொண்டுவந்து இறக்கியபோது, உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவ எதையும் பாதியில வுடமாட்டாளே" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள்.

காரியமெல்லாம் முடிந்து கடையைத் திறந்தேன். ஏதோ எழுதினேன், ஓர் அடைப்புக்குறியை மூட மறந்துவிட்டேன். திரையில் நீ வந்தாய். 'தொறந்த, மூடவே இல்ல பாரு. இந்த மாதிரி வந்தா நீ முதல்ல' என்று சொல்லி நின்றாய். அவ்வளவுதான். நாற்காலியைத் தள்ளிவிட்டு ரோட்டுக்கு ஓடி வந்துவிட்டேன். முதலில் என்ன? சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா?

உன் அம்மாவிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம், சொன்னேன். அதிலிருந்து சாயங்காலமானால் கடைக்கு வந்துவிடுவார்கள். "அந்தத் தப்பப் பண்ணும்மா" என்பார்கள். நான் ஓர் அடைப்புக்குறியை அழிப்பேன். நீ வருவாய். உதடு அசைய வாசிப்பார்கள், கொஞ்ச நேரம் காத்திருப்பார்கள், முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு பஸ்ஸுக்குப் போவார்கள். அவர்கள் போன பிறகு திரையை அணைக்க எனக்குக் கை வராது. அணைத்தால் உன் வாயைப் பொத்துகிற மாதிரி இருக்கும்.

தளத்தைப் பார்த்துக்கொள்கிற மலேசியத் தமிழர் ஒருவர் மெயில் போட்டார். நீ இல்லை என்பது அவருக்கு என் மூலம்தான் தெரியும். மீதி வேலையைத் தான் எடுத்துக்கொள்ளலாமா, உன் வரிகளை அப்படியே வைத்துக்கொள்கிறேன், பாதியில் நிற்கும் அந்த வரியை மட்டும் முடித்துத் தர முடியுமா என்று தன்மையாகத்தான் கேட்டிருந்தார்.

அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "அதுல கைய வெக்காத. முடிச்சிட்டா, அவ சொல்றதுக்கு இன்னும் பாக்கி இருக்குதுன்னு நான் எப்படி நெனைச்சினு இருப்பேன்?"

எனக்கும் அதேதான். பதில் எழுதவில்லை.

போன வாரம் கீழ்பென்னாத்தூரிலிருந்து என்னிடம் புரோகிராம் பழக வரும் பெண், குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு வருகிறவள், அதே தப்பைச் செய்தாள். கையை மடியில் வைத்துக்கொண்டு திரையையே பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அக்கா, முதல்லன்னு சொல்லிட்டு நின்னுடுச்சே. மீதி வருமா?"

நான் திரும்பிப் பார்த்தேன். பின்னால் பெஞ்சில் அம்மா இருந்தார்கள். அவர்கள் அந்தப் பெண்ணின் முதுகைப் பார்த்தார்கள், நெடுநேரம் பார்த்தார்கள்.

"சொல்லிக் குடும்மா. அந்தப் பொண்ணும் எவ்ளோ நேரம்தான் காத்துனு இருக்கும், பாவம்."

அன்றைக்கே உன் 'முதல்ல'வுக்குப் பின்னால் எழுதினேன். 'எங்க தொறந்தன்னு தேடு.' மலேசியாவுக்கு அனுப்பிவிட்டேன். வேலையை அவர் எடுத்துக்கொண்டார். இப்போது எங்கோ யாரோ மூட மறந்தால் நீ முழு வாக்கியமாகப் பேசுகிறாய். அம்மா இன்னும் வருகிறார்கள். தப்புப் பண்ணச் சொல்லிக் கேட்பதில்லை.

ஆனால் அது உன் வார்த்தை இல்லையடி. நீ சொல்ல வந்தது வேறு ஏதோ. சமைக்கும்போதும் பஸ்ஸில் போகும்போதும் அந்த 'முதல்ல' என் காதில் வந்து நிற்கிறது, அதற்கு மேல் வருவதில்லை. இந்த மென்பொருளில் யார் எழுதியது தப்பாக இருந்தாலும் யார் வேண்டுமானாலும் திருத்தலாம். நான் எழுதியது தப்பென்றால் வந்து திருத்து. தளத்தில் உன் பாஸ்வேர்டை நான் மாற்றவில்லை.