வெள்ளையடிக்க வந்தவருக்கு

வீடு முழுக்கப் புதுப் பெயின்ட் மணம். மூன்று சுவர்களை முடித்துவிட்டுத் தரையில் குந்தியிருக்கிறேன். இடுப்பு விட்டுப்போயிற்று. நாலாவது சுவரில் நீங்கள் வரைந்த கடல் அப்படியே நிற்கிறது. என் மனுசனின் முழங்காலுக்கு இந்தப் படிகள் இனி ஏலாது. நாளைக்கு இந்த வாடகை வீட்டைப் பூட்டித் திறப்பைத் திருப்பிக் கொடுக்கிறோம். போகிறவர்கள் சுவரை வெள்ளையாக்கிக் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டுமாம். கடலுக்கு மட்டும் விலக்கு உண்டோ என்று கேட்டுப் பார்த்தேன். இல்லையாம்.

எல்லாம் ஒரு சொல்லால் வந்தது. மகள் தேவாலயத்தில் முதல் நன்மை எடுக்கும் விருந்துக்கு முன் வீட்டைப் புதுப்பிக்க ஆள் தேடினோம். மேல்மாடியில் ஒரு 'மாலர்' இருக்கிறார் என்று கீழ்வீட்டுக்காரி சொன்னாள். இந்த ஜெர்மன்காரரின் டொச்சில் சுவருக்கு வெள்ளையடிக்கிறவரும் மாலர், படம் வரைகிறவரும் மாலர். எனக்குத் தெரிந்தது முதலாவது மட்டும். நேரே வந்து கதவைத் தட்டி, ஓர் அறைக்கு என்ன கூலி என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, மீன்குழம்பு என்றீர்கள். எங்கள் குசினி மணம் எனக்கு முன்னரே படியேறி வந்திருக்கிறது போல.

மூன்று சுவர்களை ஒரே மூச்சில் முடித்தவர், நாலாவதன் முன் கதிரையைப் போட்டு இருந்துவிட்டீர்கள். "இவர் சுவரைப் பாக்கிறதுக்கும் குழம்பு கேப்பாரோ?" என்று என் மனுசன் குசினிக்குள் வந்து முணுமுணுத்தார். பிறகு வந்தது கடல். முழுக்கச் சாம்பல்.

"கடல் எண்டால் நீலமெல்லோ. உங்கடை ஊரிலை நீலம் விக்கிறேல்லையோ?" என்று என் நொண்டி டொச்சில் கேட்டேன்.

உங்கள் டொச்சும் நொண்டிதான். "நீலம், விடுமுறைக்கு வாறவைக்கு. எங்களுக்கு இதுதான்" என்றீர்கள்.

விருந்துக்கு வந்த சனம் பெயின்ட் போதாமல் போனதோ என்று விசாரித்தது. ஓம் என்று சொல்லிச் சமாளித்தேன். நீங்களோ மூலையில் இருந்து, உறைப்புக்குக் கண்ணில் நீர் வடிய, குழம்பை மூன்றாம் தரமும் வாங்கிச் சாப்பிட்டீர்கள்.

உங்கள் அறைக்கு வந்த பிறகுதான் நீங்கள் மற்ற மாலர் என்று எனக்கு விளங்கியது. படங்கள் எல்லாம் சுவரைப் பார்த்தபடி நின்றன. குழப்படி செய்த பிள்ளைகளோ என்று கேட்டேன். இருமல் வரும்வரை சிரித்தீர்கள். லித்துவேனியாவின் கரையோரம் ஒரு மீன்பிடி ஊரில் பிறந்தது, இங்கே ஹம்பேர்க் துறைமுகத்தில் பகலில் கப்பலுக்குப் பெயின்ட் அடித்துப் பிழைத்தது, வேலை முடிந்து வந்து அந்த ஊர்க் கடலையே திரும்பத் திரும்ப வரைந்தது எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னீர்கள். வாங்க ஆள் குறைவு. "வாங்கினால் கடல் குறைஞ்சுபோகும்" என்பீர்கள். நல்ல சமாளிப்பு என்று நான் நக்கலடிப்பேன்.

போன மாரியில் நீங்கள் கண்ணை மூடியதும் உங்கள் தங்கச்சியின் மகன் வான் கொண்டுவந்து படங்களை ஏற்றிக்கொண்டு ஊருக்குப் போனான். சுவரை ஏற்ற ஏலாதே. இந்த நகரத்தில் உங்கள் கடல் இது ஒன்றுதான் மிச்சம்.

விடாமல் கேட்டதில், அடுத்துக் குடிவருகிற பிள்ளை சம்மதித்தால் சுவரை அப்படியே விடலாம் என்றார் வீட்டுச் சொந்தக்காரர். அந்தப் பிள்ளைக்குத் தேத்தண்ணியும் பற்றீசும் கொடுத்து, மெல்லச் சுவரைக் காட்டினேன். கிட்டப் போய் மணந்து பார்த்துவிட்டு, இது பூஞ்சணமோ என்று கேட்டது. எனக்குச் சிரிப்பு வந்தது. வெறும் கோப்பையைக் கழுவ எடுத்துப் போனேன். அதுக்கு மேல் கேட்கவில்லை.

சற்று முன் என் மனுசன் உருளையைக் கையில் எடுத்தார். "நீர் அங்காலை போம். நான் அஞ்சு நிமிசத்திலை அடிச்சு விடுறன்."

நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் அந்த அஞ்சு நிமிசம் எனக்குச் சுட்டது. உங்கள் ஊர்த் தொழிற்சாலைச் சாப்பாட்டு மண்டபத்தில் நீங்கள் வரைந்த மீனவப் பெண்கள் சிரிக்கவில்லை என்று, அந்தக் காலத்துக் கட்சி மேலிடம் அதை அழிக்கச் சொன்ன கதை ஞாபகம் வந்தது. யார் அழித்தது என்று அன்றைக்குக் கேட்டேன். "நான்தான். வேறை ஆள் எண்டால் அவனுக்கு அது வெறும் சுவர்" என்றீர்கள்.

உருளையைத் திரும்ப வாங்கிவிட்டேன். துப்புரவு வேலைக்குப் போகிற வீடெல்லாம் கெதி கெதி என்று துடைத்தே பழகிய கை இது. இந்தச் சுவரை மட்டும் மெல்ல, ஆறுதலாக அடிக்கப் போகிறேன். நாளைக்குள் அடித்து முடியாவிட்டால், திறப்பு வாங்க வருகிறவர் வாசலில் கொஞ்சம் நிற்கட்டும்.